எங்கிருந்து தட்டினீர்கள்?

மருத்துவமனையில் அக்காவின் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் டெல்நெட் அக்கா. டெல்நெட் என்பது கணினிக்குள் கிடக்கும் ஒரு பழைய சின்ன நிரல். ஒரு சர்வரின் முகவரியையும், அதற்குள் நுழையும் வாசலான போர்ட்டின் எண்ணையும் அதில் அடித்தால், அந்தப் போர்ட் வரை போய்ச் சேர முடிகிறதா என்று சொல்லிவிடும். அக்கா அதை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அடிப்பார். "அக்கா, எக்ஸ்ரே வரல" என்று யார் வந்து நின்றாலும் முதலில் எழுந்து அவர்களுடைய இடத்துக்கு நடப்பார். அங்கே உட்கார்ந்து டெல்நெட் அடித்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவர் சேர்ந்தது நோயாளிகளின் பெயரைத் தட்டச்சு செய்யும் வேலையில். ஒரு நாள் காலை பதிவுக் கணினி நின்றுபோனது. கம்பிக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தைகளோடு நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். நெட்வொர்க் பிரிவுக்குப் போன் செய்தார். "எங்க சைடுல ஓக்கே" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மறுபடி செய்தார். மறுபடி அதே பதில். மூன்றாவது தடவை யாரும் எடுக்கவே இல்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கடியில் குனிந்து, கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனார். மர அலமாரிக்குப் பின்னால் எலி கடித்துப் பிய்த்திருந்தது. பக்கத்திலேயே அந்த எலி செத்துக் கிடந்தது. எத்தனை நாளாகவோ தெரியவில்லை. அன்றைக்கு வந்த குமட்டல் எலியைப் பார்த்ததாலா, அந்த மூன்று சொற்களைக் கேட்டதாலா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு யார் "எங்க சைடுல ஓக்கே" என்றாலும் அவர் மூக்கு தானாகச் சுருங்கும்.

அப்படித்தான் அவர் இந்த வேலைக்குள் வந்தார். கேபிள் போட வந்தவர்களிடம் கேட்டார். குப்பைக்குப் போன கையேடுகளை எடுத்துவந்து, புரியாத பக்கத்துக்கு மடிப்பு வைத்துப் படித்தார். ஐந்தாவது வருடம் நெட்வொர்க் பிரிவில் ஓர் இடம் காலியானபோது வேறு யாரும் வர விரும்பாததால் அவருக்குக் கிடைத்தது.

போர்ட் மூன்று விதமாகப் பதில் சொல்லும் என்பதை அங்கேதான் அடித்து அடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். திறந்திருந்தால் திரை கறுப்பாகி மூலையில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டும். சர்வர் இருக்கிறது, ஆனால் அந்த எண்ணில் கவனிக்க ஆளில்லை என்றால், முகத்தில் அடித்தாற்போல் அந்தக் கணமே "முடியாது" என்று வரும். மூன்றாவதுதான் மோசம். ஒன்றுமே வராது. கல்லைப் போட்டும் சத்தம் கேட்காத கிணறு மாதிரி இருக்கும். இருபத்தொரு வினாடி கழித்து, போய்ச் சேரவில்லை என்று ஒரு வரி வரும். நடுவில் ஏதோ வழிமறித்து விழுங்குகிறது என்று அதற்குப் பொருள். அப்படி வழிமறிப்பதற்கென்றே வைத்திருக்கும் காவலுக்கு ஃபயர்வால் என்று பெயர். எந்த இடத்திலிருந்து எந்தப் போர்ட்டுக்குப் போகலாம் என்ற விதிகள் அதில் வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் இல்லாதவர் எவ்வளவு தட்டினாலும் அது ஏன் என்று கேட்காது.

நெட்வொர்க் பிரிவு தரைத்தளத்தில், கழிவறைக்குப் பக்கத்து அறை. ஜன்னல் கிடையாது. சர்வர்களுக்குக் குளிர் வேண்டும் என்பதற்காக வைத்த இயந்திரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதற்குக் கீழே வைத்த வாளியில் யாரோ பீடித்துண்டு போட்டிருப்பார்கள். விசைப்பலகைகளின் இடுக்கில் பிஸ்கட் தூள், முடி, காய்ந்த டீ. அக்கா வார்டிலிருந்து ஸ்பிரிட் வாங்கிவந்து பஞ்சால் துடைத்த பிறகுதான் எதன்மேலும் விரலை வைப்பார். பிரிவின் தலைவர் மேசையிலேயே நகம் வெட்டுவார். வெட்டிய நகம் ஃபைல்கள்மேல் தெறிக்கும். எது கேட்டாலும் "ஓக்கே, ஓக்கே" என்பதால் அவருக்கு ஓக்கே சார் என்று பெயர். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஃபயர்வாலுக்குள் போக ஆளுக்கு ஒரு லாக்-இன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் புது லாக்-இன் வேண்டுமென்றால் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு ஐந்து பேரும் அக்காவின் லாக்-இன்னிலேயே போய்வந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அக்கா அறுவைச் சிகிச்சைக்காகப் பத்து நாள் விடுப்பில் இருந்தபோது, கட்டிலில் படுத்தபடியே பாஸ்வேர்டைப் போனில் சொன்னார். ஒருவர் அதைச் சீட்டில் எழுதி மேசையின் அடிப்பக்கம் ஒட்டினார். திரும்பி வந்த அக்கா சீட்டைப் பார்த்தார். கிழிக்கவில்லை. தன் பெயரில் எல்லாம் நடப்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சொல்லிக்கொள்ளும்படியான பெருமை இல்லைதான்.

நடந்த விஷயம் ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டாம் மாடி லேபிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவுகள் சர்வருக்குப் போய், அங்கிருந்து வார்டுகளின் திரையில் வரவேண்டும். அன்று காலை ஒன்பதேகாலிலிருந்து நான்கு மணி நேரம் எந்த வார்டுக்கும் எதுவும் வரவில்லை. ஏழாம் வார்டில் சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்த ஒரு பழைய தபால்காரருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அந்த முடிவு லேபின் கணினியிலேயே உட்கார்ந்திருந்தது. நடுப்பகலில் அவருடைய இதயத்துடிப்பு தடுமாறி, தள்ளுவண்டியில் வைத்துத் தீவிர சிகிச்சைக்கு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய மகள்கள் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை விசாரணை என்று முடிவானது.

சர்வரைப் பராமரிக்கும் கம்பெனி புதன்கிழமையே ஒரு காகிதம் அனுப்பிவிட்டது. போர்ட் அன்று முழுவதும் திறந்திருந்தது, தங்கள் பக்கம் எல்லாம் சரி, லேபில் வேலையிலிருந்தவர் முடிவுகளை அனுப்பவில்லை. இதற்குக் கீழே நெட்வொர்க் பிரிவும் ஒரு கையெழுத்துப் போட்டால், லேபில் அன்று தனியாக இருந்த பெண்ணின் வேலை போய்விடும். அவள் நிரந்தரம் ஆகாதவள். அவளை நீக்க ஒரே ஒரு காகிதம் போதும்.

வியாழன் காலை ஓக்கே சார் அந்தக் காகிதத்தை அக்காவின் மேசையில் வைத்தார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. நெட்வொர்க் ஆளுன்னா உன் கையெழுத்துக்குத்தான் மதிப்பு."

"பாத்துட்டுப் போடறேன் சார்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? திறந்துதான் இருக்கு. கம்பெனிக்காரனே சொல்லிட்டான்."

"அவர் எங்கேருந்து பாத்தாராம்?"

"எங்கேருந்து பாத்தா என்ன? போர்ட் ஒண்ணுதானே?"

அக்கா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு நடந்தார்.

லேபில் அந்தப் பெண் ரத்தக் குழாய்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். கண் வீங்கியிருந்தது. அக்காவின் கழுத்தில் தொங்கிய நெட்வொர்க் பிரிவு அட்டையைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள்.

"வாங்க. இப்பதான் வழி தெரிஞ்சுதா? செவ்வாக்கிழமை ஒன்பது நாப்பதுக்குப் போன் பண்ணேன், 'எங்க சைடுல ஓக்கே'ன்னு வச்சுட்டாங்க. ஏழாம் வார்டுக்கும் பண்ணேன். எடுத்தவங்க 'கம்ப்யூட்டர்ல வந்தா பாத்துக்கறோம்'னாங்க. இப்ப நான் அனுப்பலையாம். நான் ஏன் அனுப்பாம இருக்கணும்? அடைகாக்கவா வச்சிருந்தேன்?"

"அனுப்பினப்ப என்ன வந்துச்சு?"

"வரலைன்னு வந்துச்சு."

"உடனே வந்துச்சா, நேரம் எடுத்து வந்துச்சா?"

அவள் முறைத்தாள். "அதுல என்ன இருக்கு?"

"அதுலதாம்மா எல்லாமே இருக்கு. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு."

"நேரம் எடுத்துச்சு. அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும். நான் ரெண்டு குழாய் மாத்திட்டு வந்து பாத்தா அப்பவும் சுத்திக்கிட்டிருக்கும். அப்புறம் மஞ்சளா ஒரு குறி வந்து நிக்கும்."

அக்கா லேப் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். முதலில் டெல்நெட் அடித்தார். கறுப்புத் திரை, கண் சிமிட்டும் கோடு. இன்று திறந்திருக்கிறது. கம்பெனிக்காரர் அதுவரைக்கும் பொய் சொல்லவில்லை. பிறகு, முடிவுகளை அனுப்பும் நிரல் தனக்குத்தானே எழுதிவைக்கும் பதிவைத் தேடிப் பிடித்தார். செவ்வாய்க்கிழமை 9.15க்கு முதல் முயற்சி. இருபத்தொரு வினாடி கழித்துத் தோல்வி. 9.16க்கு அடுத்தது, இருபத்தொரு வினாடி, தோல்வி. இப்படியே 1.25 வரை, நிமிடத்துக்கு ஒன்றாக, இருநூற்றைம்பத்தோரு தடவை. 1.26க்குத் தேங்கிக் கிடந்ததெல்லாம் மொத்தமாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

அவள் அனுப்பியிருக்கிறாள். அவள் கணினி நான்கு மணி நேரம் சளைக்காமல் தட்டியிருக்கிறது. சர்வரில் அந்த எண்ணைக் கவனிக்க ஆளில்லாமல் இருந்திருந்தால் அந்தக் கணமே முடியாது என்று வந்திருக்கும். இது விழுங்கப்பட்டது. நடுவில் ஃபயர்வாலில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

"என் மேல தப்பு இல்லதானே?" என்றாள் அந்தப் பெண், குரலை இறக்கி.

"இல்ல."

"அதை எழுதிக் கொடுப்பீங்களா?"

"எழுதறேன்" என்று அக்கா வாக்குக் கொடுத்தார்.

கீழே இறங்கி ஃபயர்வாலின் மாற்றப் பதிவைத் திறந்தார். செவ்வாய்க்கிழமையில் இரண்டே வரிகள். காலை 9.14: லேபிலிருந்து சர்வருக்கான விதி நீக்கப்பட்டது. மதியம் 1.25: அதே விதி மறுபடி சேர்க்கப்பட்டது. செய்தவர் பெயர் என்ற கட்டத்தில், இரண்டு வரியிலும், அக்காவின் லாக்-இன்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் புதுக் கட்டடத்தின் நிலவறையில் தனியாகக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார். அங்கே போன் எடுக்காது. பார்த்த சாட்சி கிடையாது. 1.25க்குச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் யாரை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்? வேறொருவன் துடைத்துவிட்டுப் போன துணியால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டதுபோல அவருக்கு இருந்தது.

ஓக்கே சார் நகவெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், செவ்வாக்கிழமை காலைல ஃபயர்வால்ல கை வச்சது யாரு?"

"யார் லாக்-இன் இருக்கு?"

"என்னோடது."

"அப்புறம் என்னை எதுக்கும்மா கேக்கற?"

அக்கா நகரவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. ஓக்கே சார் நகவெட்டியை மூடினார்.

"தணிக்கைக்காரங்க வர்றாங்கன்னு சொன்னாங்கல்ல? உபயோகத்துல இல்லாத போர்ட்டெல்லாம் மூடுன்னு உத்தரவு. நான் ஒண்ணொண்ணா செக் பண்ணித்தான் எடுத்தேன். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கல. அந்தப் போர்ட்ல ஒரு சத்தமும் இல்ல. செத்த போர்ட்டு."

"எங்கேருந்து செக் பண்ணீங்க?"

"இதோ, இங்கேருந்துதான். என் சீட்லேருந்து."

"உங்க சீட்டுக்கு அந்தப் போர்ட் என்னிக்குமே திறந்தது கிடையாது சார். லேபுக்கு மட்டும்தான் அனுமதி. நீங்க இங்கேருந்து ஆயுசு பூரா தட்டினாலும் பதில் வராது."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த விதியிலேயே எழுதியிருக்கு. எடுக்கறதுக்கு முன்னாடி படிச்சிருக்கலாம்."

"சரி சரி, மதியம் ஃபோன் மேல ஃபோன் வந்துச்சு, திரும்பப் போட்டுட்டேன். முடிஞ்சுது. ஆளும் பிழைச்சுட்டாரு. இப்ப எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு?" குரலில் தேன் வந்தது. "பாரும்மா, பொய் எழுதச் சொல்லல. போர்ட் திறந்திருக்குன்னு எழுது. இன்னிக்குத் திறந்துதானே இருக்கு? இல்ல, அதெல்லாம் வேண்டாம், பதிவோடத்தான் கொடுப்பேன்னா, கொடு. உன் பேருதான் வரும். எனக்கென்ன?"

இந்த மனிதர் தன் பயத்தைக்கூடத் தன் கையால் தொடமாட்டார், அடுத்தவர் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் எடுப்பார் என்று அக்காவுக்குத் தோன்றியது. கழிவறைக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் அடுப்படி மேடையில் சாய்ந்து நின்றபடியே நடந்ததைச் சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸோடு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை வரி அந்தப் பதிவு?"

"ரெண்டு வரி."

"ஒவ்வொரு வரியிலும் எத்தனை கட்டம்?"

"நேரம், என்ன செஞ்சது, யார் செஞ்சது. மூணு."

"மூணாவது கட்டத்தை விட்டுட்டு எழுது. நேரம் இருக்கு, விதியை எடுத்தது இருக்கு, அந்தப் பொண்ணும் தப்பிச்சுடுவா. யாருன்னு அவங்க கேட்டா கேக்கட்டும். நீயா போய் ஏன் தலையைக் கொடுக்கற?"

"கேப்பாங்கல்ல?"

"கேக்க மாட்டாங்க. யாருன்னு கேட்டா அவங்களும் ஏதாவது செய்யவேண்டி வரும். இந்த ஊர்ல எவன் அதைக் கேப்பான்?"

அவர் சொன்னதில் விவரம் இருந்தது. அக்கா சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு தாளில் அப்படியே எழுதிப் பார்த்தார். நேரம், மாற்றம், அவ்வளவுதான். பார்க்கச் சுத்தமாக இருந்தது. எல்லா வரியும் உண்மை. கம்பெனிக்காரரின் காகிதத்திலும் "போர்ட் திறந்திருந்தது" என்ற வரி ஒரு விதத்தில் உண்மைதான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. ஓக்கே சாரும் பொய் எழுதச் சொல்லவில்லை என்றுதான் சொன்னார். தாளைக் கசக்கினார். கசக்கியதைக் குப்பையில் போடக்கூட அருவருப்பாக இருந்தது. அடுப்பில் காட்டிக் கொளுத்தினார்.

"என்னடி, வீட்டையும் சேத்துக் கொளுத்தப் போறியா?"

"நீங்க வெங்காயத்தைப் பாருங்க."

அவர் தோளைக் குலுக்கினார். "வேலை போச்சுன்னா எங்க பணிமனைக்கு வா. டயருக்குக் காத்தடிக்க ஆள் இல்ல. அங்க யார் அடிச்சான்னு யாரும் எழுதி வைக்கறதில்ல."

மூன்றாவது கட்டத்தோடு அக்கா மறுபடி எழுதினார். கடைசிப் பக்கத்தில், அந்த லாக்-இன்னை ஐந்து பேர் உபயோகிப்பதையும், பாஸ்வேர்டைக் கொடுத்தது தான் என்பதையும், மேசைக்கடியில் இருக்கும் சீட்டையும், ஓக்கே சார் தன்னிடம் சொன்னதையும், சொன்ன சொல் மாறாமல் எழுதினார்.

விசாரணை மேல்மாடிக் கூட்ட அறையில். நடத்தியவர் மருத்துவமனையின் துணைப் பொறுப்பிலிருந்த டாக்டரம்மா. கம்பெனிக்காரர் நேரில் வரவில்லை. மேசை நடுவில் வைத்த போனிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. லேப் பெண் சுவரோரம் நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"போர்ட் திறந்திருந்ததுன்னு எழுதியிருக்கீங்க. எப்படிச் சொல்றீங்க?" என்று டாக்டரம்மா போனைக் கேட்டார்.

"தினமும் காலைல செக் பண்றோம் மேடம். செவ்வாய்க்கிழமையும் பண்ணோம். புகார் வந்தப்புறம் பன்னெண்டு மணிக்கு இன்னொரு தடவை பண்ணோம். எங்க சைடுல ஓக்கே."

அக்கா கை தூக்கினார். "ஒரு கேள்வி டாக்டர். எந்தக் கம்ப்யூட்டர்ல உக்காந்து செக் பண்ணாங்க?"

"சர்வருக்குள்ள போய்த்தான்" என்றது போன்.

"சர்வருக்குள்ளேருந்து சர்வரையா?"

"ஆமா. அப்படித்தான் பண்ணுவோம்."

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேருந்தே."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எனக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுங்க."

"வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு எங்க வாசல் திறந்திருக்குன்னு சொல்றாங்க டாக்டர். திறந்துதான் இருந்துச்சு. தெருவுல முள்வேலி. லேப்லேருந்து இருநூத்தி அம்பத்தோரு தடவை வந்து திரும்பிப் போயிருக்கு. அது முதல் பக்கத்துல இருக்கு. வேலி போட்ட நேரமும் எடுத்த நேரமும் ரெண்டாம் பக்கத்துல இருக்கு."

டாக்டரம்மா முதல் பக்கத்தை விரலால் தடவிப் படித்தார். சுவரோரம் நின்ற பெண்ணைப் பார்த்து, "நீங்க போகலாம். உங்க மேல ஒண்ணும் இல்ல" என்றார். அவள் போகாமல் அங்கேயே நின்றாள். டாக்டரம்மா பக்கத்தைத் திருப்பினார்.

"இது யார் பேரு?"

"என் பேரு."

ஓக்கே சார் பெருமூச்சு விட்டார். "நானே இதைச் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன் டாக்டர். பதினெட்டு வருஷ சர்வீஸ். நல்ல வேலைக்காரி. ஏதோ கவனக்குறைவு. நீங்க பாத்து..."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். அதில் கள்ளத்தனம்கூட இல்லை. உண்மையிலேயே ஒருவருக்காகப் பரிந்து பேசும் முகம் அது. பல்லிடுக்கில் எதையோ நாக்கால் துழாவிக்கொண்டே பரிந்து பேசினார்.

"கடைசிப் பக்கத்தைப் படிங்க டாக்டர்" என்றார்.

டாக்டரம்மா படித்தார். "இவர் உங்ககிட்ட இப்படிச் சொன்னாரா?"

"சொன்னார்."

"பொதுவாப் பேசிக்கிட்டிருந்தோம் டாக்டர்" என்றார் ஓக்கே சார். "அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க."

"ஒரு பாஸ்வேர்டு ஏன் அஞ்சு பேருக்குத் தெரியணும்?"

"நான்தான் கொடுத்தேன் டாக்டர். திரும்ப வாங்கல" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தடுமாறியது.

பத்து நாளில் உத்தரவுகள் வந்தன. ஓக்கே சாருக்கு அறிவுரைக் கடிதம். அதை அவர் ஃபைலில் வைத்து அதன்மேல் நகம் வெட்டினார். கம்பெனிக்கு எச்சரிக்கை. அவர்கள் மறுநாள் அனுப்பிய அறிக்கையிலும் பழைய வரியே இருந்தது. அக்காவுக்கு விளக்கம் கேட்டு ஒரு ஓலை. ஃபயர்வாலில் நுழையும் அனுமதி அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. ஆளுக்கொரு லாக்-இன் மற்ற நால்வருக்கும் கொடுக்கப்பட்டது. அவருக்கு மிச்சம் இருந்தது கேபிள் வேலையும், டாக்டரம்மா புதிதாக ஏற்பாடு செய்த ஒரு காரியமும். தினமும் காலை எட்டு மணிக்கு நெட்வொர்க் பிரிவிலிருந்து ஒருவர் லேபுக்கே போய், லேப் கணினியிலிருந்து போர்ட்டைத் தட்டிப் பார்க்கவேண்டும். நேரத்தையும், எங்கிருந்து என்பதையும், வந்த பதிலையும் அங்கே தொங்கும் தாளில் எழுதவேண்டும். முடியாது என்று வந்தாலும் சரி, கிணறாக இருந்தாலும் சரி, இனி அக்கா அதைச் சரிசெய்ய முடியாது. எழுதி மேலே சொல்லத்தான் முடியும்.

முதல் நாள் லேப் பெண் நேராகக் கேட்டாள்.

"விதியை எடுத்தது நீங்கதானாமே? கீழ எல்லாரும் சொல்றாங்க."

"இல்ல."

"காகிதத்துல உங்க பேருதானே இருந்துச்சு? நானும் அங்கதானே நின்னேன்."

"பேரு என்னுது. எடுத்தது நான் இல்ல."

"பேரு உங்களுது, வேலை வேற யாருதோ. நல்லா இருக்கே கதை." அவள் குழாய்களுக்குத் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அக்கா வந்தால் தலையை மட்டும் அசைப்பாள். அக்கா விளக்கவில்லை. அவளுடைய இடத்தில் இருந்தால் தானும் நம்பியிருக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் காய்ச்சலில் இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். அந்த நாட்களை ஓக்கே சார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். திரும்பி வந்து லேபில் தாளைப் பார்த்தார். விடுப்பில் இருந்த இரண்டு நாளும் நிரப்பப்பட்டிருந்தன. அன்றைய நாளும் நிரப்பப்பட்டிருந்தது. மணி அப்போது எட்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நாளைக்கும், மறுநாளும், அந்த வாரம் முழுவதும், ஒரே பேனாவில், ஒரே சாய்வில்: 8.00, லேப், ஓக்கே. 8.00, லேப், ஓக்கே. இன்னும் வராத நாளில்கூடப் போர்ட் திறந்திருந்தது. தாளின் ஓரத்தில் எண்ணெய் படிந்த கட்டைவிரல் ரேகை.

அக்கா அதைப் பார்த்தபடியே நின்றார்.

"யாரும் வரல" என்றாள் அந்தப் பெண் பின்னாலிருந்து. "உங்க சார் முந்தாநாள் ஒரு தடவை வந்தாரு. உக்காரக்கூட இல்ல. நின்னபடியே எல்லாத்தையும் எழுதிட்டுப் போயிட்டாரு. சோதிக்கலையா சார்னு கேட்டேன். திறந்துதாம்மா இருக்கும்னாரு."

"ரெண்டு நாளும் யாருமே பாக்கலையா?"

"கீழ பாருங்க."

தாளின் அடியில், கட்டங்களுக்கு வெளியே, சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தன. அந்தந்தத் தேதி. 7.50, லேப் கணினியிலிருந்து, கறுப்புத் திரை, கோடு சிமிட்டியது. 7.52, லேப் கணினியிலிருந்து, கறுப்புத் திரை, கோடு சிமிட்டியது. பக்கத்தில் அவளுடைய கையெழுத்து.

"உனக்கு எப்படித் தெரியும் அடிக்க?"

"தினமும் முன்னாடி உக்காந்து அடிக்கறீங்க. எனக்குக் கண்ணு இல்லையா? முதல் நாள் எண்ணைத் தப்பா அடிச்சேன், உடனே முடியாதுன்னு மூஞ்சில அடிச்சுது. அப்புறம் சரியா அடிச்சேன்." அவள் பேனாவின் மூடியைப் போட்டாள். "வேலை என்னுது. உங்களை நம்பி இருக்க முடியாதுல்ல?"

"முடியாது" என்றார் அக்கா. "இருக்கவும் கூடாது."

அவள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணை அடித்தாள். அக்கா பின்னால் நின்று பார்த்தார். திரை கறுத்தது. ஓக்கே சாரின் வரிசைக்குக் கீழே அவள் மூன்றாவது வரியை எழுதி முடித்ததும், அக்கா அதே பேனாவை வாங்கி, மேலே இருந்த ஓக்கேக்களை இன்றையதிலிருந்து கடைசிவரை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் தன் முழுப்பெயரை எழுதினார்.